ஒரே தலைக்கு ஏன் இரண்டு சி.டி.? மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பும் முப்பரிமாணப் படமும்

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கூடவே மயக்கம். அவசரப் பிரிவில் சேர்த்த உடனே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். "மூளையில் ரத்தம் கசிஞ்சிருக்கு" என்கிறார்கள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, மறுபடியும் சி.டி. எடுக்கணும், இந்த முறை ஊசி போட்டு எடுக்கணும், இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அது முடிந்த கையோடு "ஆஞ்சியோ பண்ணணும்" என்று இன்னொரு தாள் வருகிறது. இப்போதுதானே எடுத்தார்கள், அதே மிஷின்தானே, எதற்கு மறுபடி என்ற சந்தேகம் கூட வந்தவர்களுக்கு எழுவது இயல்பு.

இந்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் தேடுகின்றன.

1. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா?
2. கசிந்திருந்தால், எந்த ரத்தக்குழாயில், எந்த இடத்திலிருந்து?
3. அந்த இடத்தை எந்த வழியாகப் போய், எதை வைத்து அடைப்பது?

ஊசி இல்லாத சாதாரண சி.டி. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஊசி போட்டு எடுப்பது சி.டி. ஆஞ்சியோ. அதிலிருந்து உருவாகும் முப்பரிமாணப் படம் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவதற்கும் பெரும்பாலும் பதில் தரும். மிச்சம் இருப்பதைத் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராம் தீர்த்துவைக்கும். இந்த மூன்றில் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். திரையில் சிவப்பாகச் சுழலும் ரத்தக்குழாய்களைப் பார்த்தவர்கள், உள்ளே கேமரா விட்டு எடுத்த போட்டோ அது என்றே நினைத்துவிடுகிறார்கள். அது கணக்குப் போட்டு வரைந்த படம். எப்படி வரைகிறார்கள் என்பது தெரிந்தால், எப்போது அதை நம்பலாம், எப்போது இன்னொரு பரிசோதனை தேவை என்பதும் விளங்கும்.

வெடிப்பது நரம்பு இல்லை

பேச்சில் நாம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்போம், புறங்கையில் நீலமாகத் தெரிவதையும் நரம்பு என்போம். அதனாலேயே "மூளை நரம்பு வெடிச்சிடுச்சு" என்று கேட்கும்போது எது வெடித்தது என்று பலருக்கும் குழப்பம். வெடிப்பது தமனி, அதாவது இதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தம் கொண்டுவரும் குழாய்.

கழுத்து வழியாக நான்கு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் அவை ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாகின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1664-ல் இதை விவரமாக எழுதியதால் வில்லிஸ் வளையம் என்று பெயர். குழாய் இரண்டாகக் கிளை பிரியும் முனையில் ரத்த ஓட்டம் நேராகச் சுவரில் மோதும். பல ஆண்டுகள் மோதி மோதி அந்த இடத்தில் சுவரின் தசைப் படலமும் மீள்தன்மை தரும் படலமும் நைந்துபோனால், மிச்சமிருக்கும் மெல்லிய சுவர் வெளிப்பக்கமாக உப்பிக்கொள்ளும். சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் குமிழாகப் பிதுங்கி நிற்குமே, அதுபோல. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். இங்கே புடைப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாமல் ஆயுள் முடிந்துவிடும். வெடித்தால் கதை வேறு. மூளையின் மேற்பரப்பைச் சுற்றி நீர் நிற்கும் இடைவெளிக்குள் ரத்தம் பாய்கிறது. இதற்கு சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு என்று பெயர். சில நொடிகளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும் தலைவலி இதன் அடையாளம். "பின்மண்டையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி" என்பார்கள். அடிபடாமல் தானாக வரும் இந்த வகைக் கசிவில் 85 சதவீதம் புடைப்பு வெடித்ததால் வருவது.

எல்லா மூளை ரத்தக்கசிவும் இதுவல்ல. உயர் ரத்த அழுத்தத்தால் மூளைக்குள்ளேயே ஆழத்தில் உடைவது தனி. 2024 மார்ச்சில் ஜக்கி வாசுதேவுக்கு டெல்லியில் அறுவைச் சிகிச்சை நடந்தது, மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியதற்காக. அதுவும் வேறு வகை. செய்திகளில் எல்லாமே "மூளையில் ரத்தக்கசிவு" என்று ஒரே பெயரில் வருவதால், ஒருவர் பிழைத்த விதத்தை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்த்துக் குடும்பங்கள் தவித்துப்போகின்றன.

புடைப்பு வெடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. முதல் கசிவில் தப்பியவருக்கு அடுத்த ஆபத்து, அதே இடம் மறுபடி வெடிப்பது. அந்த ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் சில மணி நேரங்களில். இரண்டாவது சி.டி.க்கு அவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இந்தக் கடிகாரம்தான்.

முதல் சி.டி.: கறுப்பு நட்சத்திரம் வெள்ளையாகும்போது

சி.டி. மிஷின் தலையைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே அனுப்பி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு எக்ஸ்ரேயை உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, மூளைத் திசு 30 முதல் 40, புதிதாக உறைந்த ரத்தம் 60, 70 அளவில், கெட்டியான எலும்பு 1000-ஐ ஒட்டி. இந்த முறையைக் கண்டுபிடித்த பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலைதான் உலகில் முதன்முதலில் இப்படிப் படமானது. அன்றைய படத்தில் நீளவாட்டில் 80, குறுக்குவாட்டில் 80 புள்ளிகள், மொத்தம் 6,400. இன்றைய ஒரு குறுக்குவெட்டில் 512-க்கு 512, அதாவது இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

சாதாரண சி.டி.யில் மூளையின் அடிப்பகுதி வெட்டைப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு நட்சத்திரம் தெரியும். அது நீர் நிற்கும் இடம், வில்லிஸ் வளையம் அதற்குள்தான் மிதக்கிறது. புடைப்பு வெடித்தால் அந்த நட்சத்திரம் வெள்ளையாகிவிடும். பயிற்சியுள்ள கண்ணுக்கு ஒரு நொடி போதும்.

ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. ரத்தம் நீரோடு கலந்து கரையக் கரைய வெள்ளை மங்கும். கனடாவில் 3,132 பேரிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி., கசிவு இருந்த 121 பேரில் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. 6 மணி தாண்டி எடுத்தபோது, கசிவு இருந்தவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவரைத் தவறவிட்டது. ஆகவே "மாத்திரை போட்டுட்டு நாளைக்குப் பார்க்கலாம்" என்று படுத்துவிட்டு மறுநாள் எடுக்கும் சி.டி. நார்மல் என்று வந்தால், அதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் ரத்தம் சிதைந்த மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டி வரும். அந்த நிறம் தெரிய 12 மணி நேரமாவது ஆகும்.

இன்னொன்று. ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் ஹீமோகுளோபின். அது 10-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கசிந்த ரத்தமும் மங்கலாகவே தெரியும், 6 மணி நேர விதி அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில், இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது.

இரண்டாவது சி.டி.: சில நொடி ஆட்டம்

கசிவு உறுதியானாலும் வெடித்த குழாய் தெரியாது. சாதாரண சி.டி.யில் குழாய்க்குள் ஓடும் ரத்தமும் பக்கத்துத் திசுவும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். குழாயைத் தனியாகக் காட்ட ரத்தத்தில் ஏதாவது கலந்தாக வேண்டும். அந்த ஏதாவது, அயோடின். லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் 1927-ல் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முறை எக்ஸ்ரேயில் காட்டியபோது கழுத்துத் தமனியில் செலுத்தியது சோடியம் அயோடைடு. இன்றைய மருந்துகள் எவ்வளவோ பாதுகாப்பானவை, ஆனாலும் எக்ஸ்ரேயைத் தடுக்கும் வேலையை இன்றும் செய்வது அயோடின் அணுதான்.

மேஜையில் நடப்பது இது:

1. முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், சற்றுப் பெரிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் பிளாஸ்டிக் ஊசிக்குழாய்) போடுவார்கள். சின்ன ஊசியில் அந்த வேகம் தாங்காது, மருந்து தோலடியில் கசிந்து கை வீங்கிவிடும்.
2. ஒரு பம்ப், நொடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில் 60, 70 மில்லி மருந்தைச் செலுத்தும். பின்னாலேயே உப்புநீர் போய் அதைத் தள்ளும்.
3. உடம்பெல்லாம் சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். போயிருக்காது, மருந்தால் ரத்தக்குழாய்கள் விரிவதன் உணர்வுதான் அது. நினைவோடு இருப்பவரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் பயந்து தலையை அசைக்க மாட்டார்.
4. டெக்னீஷியன் மார்பில் உள்ள பெருந்தமனியையோ கழுத்துத் தமனியையோ திரையில் கவனித்துக்கொண்டிருப்பார். அங்கே மருந்து வந்து எண் ஏறத் தொடங்கியதும் ஸ்கேன் ஓடும்.
5. கழுத்திலிருந்து உச்சந்தலை வரை சில நொடிகளில் முடிந்துவிடும்.

நான்காவது படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூளைத் தமனிக்குள் வந்த மருந்து ஆறேழு நொடிகளில் சிரைகளுக்கு, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களுக்கு, போய்ச் சேர்ந்துவிடும். சீக்கிரம் எடுத்தால் தமனி நிரம்பியிருக்காது. தாமதமானால் சிரைகளும் சேர்ந்து ஒளிரும், எது தமனி எது சிரை என்று பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்ளும். இதய பலம் குறைந்தவருக்கு மருந்து மெதுவாக ஏறும், இளைஞருக்கு வேகமாக ஏறும். திரையைப் பார்த்து அந்தக் கணத்தைப் பிடிப்பது டெக்னீஷியனின் கைத்திறன். ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருக்காது, ஆனால் நல்ல படத்தில் பாதி அவருடைய வேலை.

இதற்கு மிஷினும் வேகமாக இருந்தாக வேண்டும். 1989 வாக்கில் நோயாளி படுத்திருக்கும் மேஜை நகர நகர, எக்ஸ்ரே குழாய் நிற்காமல் சுற்றும் ஸ்பைரல் சி.டி. வந்தது. 1998-ல் ஒரே சுற்றில் நான்கு வெட்டுகள், 2004 வாக்கில் 64, 2007-ல் 320. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு மூளையில் புடைப்பு வெடித்தது 1988 பிப்ரவரியில். அதே ஆண்டு மே மாதம் இன்னொரு புடைப்புக்கும் அறுவை நடந்தது. அன்று சி.டி. ஆஞ்சியோ என்ற ஒன்றே கிடையாது, குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் ஒரே வழி.

எட்டுக் கோடி எண்களிலிருந்து ஒரு சிவப்பு மரம்

ஸ்கேன் முடிந்ததும் கம்ப்யூட்டரிடம் இருப்பது படம் இல்லை, எண்களின் அடுக்கு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள 320 வெட்டுகள், ஒவ்வொன்றிலும் 512-க்கு 512 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் எட்டுக் கோடியே 38 லட்சம் குட்டிக் கனசதுரங்கள். ஒவ்வொரு கனசதுரத்துக்கும் வாக்ஸல் என்று பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். நீளம், அகலம், கனம் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் இந்தக் குவியலை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம், தெளிவு குறையாது. முப்பரிமாணம் என்பதன் அடிப்படையே இதுதான்.

இதை மூன்று விதமாகப் பார்ப்பார்கள். முதலாவது, மெல்லிய வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது. சந்தேகமான இடத்தைச் சாய்வாகவும் வெட்டிப் பார்க்கலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இதுதான் மூல ஆவணம். இரண்டாவது, ஒரு கோட்டில் வரும் வாக்ஸல்களில் மிக வெள்ளையானதை மட்டும் எடுத்துத் தட்டையாகக் காட்டுவது. குழாய்களின் போக்கு சட்டென்று பிடிபடும், ஆனால் எது முன்னால் எது பின்னால் என்பது தொலைந்துபோகும். மூன்றாவதுதான் எல்லாரும் பார்க்கும் சிவப்பு மரம். குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் உள்ள வாக்ஸல்களுக்கு நிறமும் நிழலும் கொடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்க வைப்பது.

அந்தக் "குறிப்பிட்ட எண்" யார் வைப்பது? திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தலைப் படத்தின் அகலம் 220 மி.மீ. என்றால், அதை 512-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.43 மி.மீ. 3 மி.மீ. புடைப்பு ஒன்று குறுக்கே ஏழு புள்ளிகள்தான். நடுவில் உள்ள ஐந்து புள்ளிகளில் மருந்து நிறைந்து 350 என்று எண் காட்டுகிறது. ஓரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளில் பாதி மருந்து, பாதி மூளை நீர், ஆகவே சுமார் 180. எல்லையை 150-ல் வைத்தால் ஏழும் நிறம் பெறும், புடைப்பு 3 மி.மீ. என்று தெரியும். 200-ல் வைத்தால் ஓரப் புள்ளிகள் மறைந்து 2.2 மி.மீ. ஆகிவிடும். அதே நோயாளி, அதே ஸ்கேன். பக்கத்தில் ஓடும் முடி போன்ற சிறு தமனியின் எண்ணும் குறைவாக இருப்பதால் அது படத்திலிருந்தே காணாமல் போகும். அறுவையில் தெரியாமல் அடைத்துவிட்டால் பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடிய குழாய் அது.

அதனால்தான் அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர்கள் சிவப்பு மரத்தில் சந்தேகத்தைப் பிடிப்பார்கள், மூல வெட்டுகளுக்குத் திரும்பி அளப்பார்கள். என் கருத்தில் நோயாளிகளுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வண்ணப் படம் வழிகாட்டி, அளவுகோல் மூல வெட்டுகளில் இருக்கிறது.

திருப்பிப் பார்ப்பதால் என்ன லாபம்

அப்படியானால் முப்பரிமாணப் படம் எதற்கு? புடைப்பு பெரும்பாலும் தாய்க் குழாயின் பின்னாலோ கிளைகளுக்கு நடுவிலோ ஒளிந்திருக்கும். நம்மை நோக்கி வளைந்து திரும்பும் சாதாரணக் குழாய், தட்டையான படத்தில் அப்படியே புடைப்பு போலத் தெரியும். திருப்பிப் பார்த்தால் வளைவு வளைவாகவும் புடைப்பு புடைப்பாகவும் பிரிந்துவிடும்.

அறுவை மருத்துவருக்கு அது இன்னும் பெரிய உதவி. நெற்றிப்பொட்டை ஒட்டி எலும்பைத் திறந்து உள்ளே போகும்போது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ, அதே கோணத்தில் படத்தைத் திருப்பி முதல் நாளே பார்த்துவைக்கிறார். அவர் தேடுவது இவற்றை:

1. கழுத்து. புடைப்பு தாய்க் குழாயோடு ஒட்டும் இடம். அது 4 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் புடைப்பை அடைக்க உள்ளே வைக்கும் கம்பிச் சுருள் (காயில்) வழுக்கி வெளியே வரலாம். அப்போது பலூனோ ஸ்டென்ட்டோ துணைக்கு வேண்டும், அல்லது மண்டையைத் திறந்து கிளிப் போடுவதே மேல்.
2. நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது. வெடித்த இடம் பெரும்பாலும் நுனி. கை முதலில் அங்கே பட்டுவிடக் கூடாது.
3. புடைப்பின் மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு இருக்கிறதா. அது சுவர் அங்கே மேலும் நைந்ததன் அடையாளம். வெடிக்காத புடைப்புகளை ஜப்பானில் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குட்டி இருந்தவை வெடிக்கும் வாய்ப்பு 1.6 மடங்கு.
4. கிளைகள் எங்கிருந்து புறப்படுகின்றன. புடைப்பிலிருந்தே ஒரு கிளை கிளம்பினால் சிகிச்சைத் திட்டமே மாறும்.
5. வேறு புடைப்புகள். ஐந்தில் ஒருவருக்காவது ஒன்றுக்கு மேல் இருக்கும். எது வெடித்தது என்பதை ரத்தம் அதிகம் தேங்கிய இடத்தையும் வடிவத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கிளிப் என்பது புடைப்பின் கழுத்தில் வெளியிலிருந்து போடும் சின்னக் கவ்வி, வால்டர் டேண்டி 1937-ல் பால்டிமோரில் தொடங்கிவைத்தது. காயில் என்பது குழாய் வழியாக உள்ளே கொண்டுபோய்ச் சுருட்டி அடைக்கும் மெல்லிய பிளாட்டினக் கம்பி, 1990 முதல் புழக்கத்தில் வந்தது. இரண்டும் செய்யச் சாத்தியமானவர்களில் 2,143 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வந்தது. ஓராண்டில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் காயில் குழுவில் 23.7 சதவீதம், கிளிப் குழுவில் 30.6 சதவீதம். அதன் பிறகு காயில் பெருகியது. ஆனாலும் பொட்டுப்பக்கம் ஓடும் நடுமூளைத் தமனியின் கிளை முனையில் உள்ளவற்றுக்குப் பல இடங்களில் இன்றும் கிளிப்தான் முதல் தேர்வு. ஆக, எது நல்லது என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. "இந்தப் புடைப்பின் கழுத்து எவ்வளவு அகலம், எங்கே இருக்கிறது" என்று கேட்டால் மருத்துவர் படத்தையே திருப்பிக் காட்டிப் பதில் சொல்வார்.

எங்கே ஏமாறலாம்

3 மி.மீ.க்கு மேல் உள்ள புடைப்புகளை இன்றைய சி.டி. ஆஞ்சியோ நூற்றுக்கு 95-க்கும் மேல் கண்டுபிடித்துவிடும். அதற்குக் கீழே போகப் போகத் திறன் குறையும். அளவு தவிர வேறு காரணங்களும் உண்டு.

எலும்பு முதல் எதிரி. கண்ணுக்குப் பின்னால் மண்டை ஓட்டின் அடிப்பகுதி எலும்பைத் துளைத்துக்கொண்டு கழுத்துத் தமனி மேலே வருகிறது. மருந்து நிறைந்த தமனியும் அங்குள்ள எலும்பும் ஒரே எண் வரம்பில் வருவதால், எல்லை எண் வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஊசி போட்டு எடுத்ததிலிருந்து ஊசி இல்லாமல் எடுத்ததைக் கழித்தால் எலும்பு மறையும். ஆனால் இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் தலை நூலளவும் நகரக் கூடாது. ரத்தக்கசிவில் குழம்பிப்போய்ப் புரளும் நோயாளியிடம் அது எளிதல்ல. இரண்டு வேறு ஆற்றல்களில் எக்ஸ்ரே செலுத்தி அயோடினையும் கால்சியத்தையும் பிரிக்கும் மிஷின்கள் இதில் கைகொடுக்கின்றன.

பொய்யான புடைப்பும் உண்டு. வில்லிஸ் வளையத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடம் சிலருக்குப் பிறவியிலேயே புனல் போல 2, 3 மி.மீ. அகன்றிருக்கும். நுனியிலிருந்து குழாய் ஒழுங்காகக் கிளம்பினால் அது புனல், ஓரத்திலிருந்து கிளம்பினால் புடைப்பு. அந்தச் சிறு குழாய் படத்தில் மறைந்துபோனால் புனலைப் புடைப்பு என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

மருந்து போகாத இடம் படத்தில் வராது. பெரிய புடைப்புக்குள் பாதிக்கு ரத்தம் உறைந்திருந்தால், சிவப்பு மரத்தில் மிச்சப் பாதிதான் தெரியும்.

ஏற்கெனவே காயில், கிளிப் வைத்தவர்களுக்கு உலோகம் கோடுகோடாகப் படத்தைக் கெடுக்கும். காயில் வைத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்க, எம்.ஆர்.ஐ. மிஷினில் காந்தப்புலத்தை வைத்து ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ பொருத்தம்.

சரி, கசிவு இருக்கிறது, ஆனால் சி.டி. ஆஞ்சியோவில் புடைப்பே இல்லை என்று வந்தால்? ரத்தம் எங்கே பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூளைத்தண்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் தேங்கியிருந்தால் அது பெரும்பாலும் புடைப்பில்லாத, நல்லபடியாக மீளக்கூடிய வகை. நட்சத்திரம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். அதிலும் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், முதல் நாள் ரத்தக்கட்டி மூடியிருந்த புடைப்பு அப்போது தெரியலாம். "எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, மறுபடி ஏன்" என்று தயவுசெய்து அந்த இடத்தில் மறுத்துவிடாதீர்கள்.

வெடிக்காமலே கண்ணில் பட்டால்

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், "4 மி.மீ. அனியூரிசம்" என்று ரிப்போர்ட்டில் வரி வருவது இப்போது அதிகமாகிவிட்டது. அதைப் படித்ததும் தலைக்குள் வெடிகுண்டு என்ற பயம் வரும்.

2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பக்கத் தமனிகளில் 7 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, முன்பு கசிவே இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டில் ஒன்றும் வெடிக்கவில்லை. 7 முதல் 12 மி.மீ. வரை 2.6 சதவீதம், 13 முதல் 24 வரை 14.5 சதவீதம், 25-க்கு மேல் 40 சதவீதம். பின்பக்கத் தமனிகளிலும் பின் இணைப்புத் தமனியிலும் இருந்தால் எண்கள் கூடுதல். ஆனால் அவசரப் பிரிவுக்கு வெடித்து வரும் புடைப்புகளில் நிறைய 7 மி.மீ.க்குக் குறைவானவைதான். முரண் போலத் தெரியும். சின்னப் புடைப்புகள் ஊரில் மிக அதிகம், அதனால் அவற்றில் மிகச் சிறு பங்கு வெடித்தாலும் எண்ணிக்கையில் அதிகமாகிவிடுகிறது. ஆகவே அளவு மட்டும் போதாது. 2014-ல் 8,382 பேரின் தகவலைத் தொகுத்து உருவான மதிப்பெண் முறை, மக்கள் இனம், ரத்த அழுத்தம், வயது, அளவு, முன்பு கசிவு இருந்ததா, இடம் என்ற ஆறையும் சேர்த்துப் பார்க்கிறது. புகைபிடிப்பது தனி ஆபத்து. அதை நிறுத்துவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் நோயாளியின் கையில் இருப்பவை.

காத்திருந்து பார்ப்பது என்று முடிவானால், ஒரே வகைப் பரிசோதனையில் மறுபடி மறுபடி படமெடுத்துப் பழையதோடு ஒப்பிடுவது முக்கியம். நடிகை எமிலியா கிளார்க் தன் அனுபவத்தை 2019-ல் அவரே எழுதினார். 2011-ல் ஒரு புடைப்பு வெடித்துக் காயில் வைத்தபோதே, மறுபக்கம் சின்னதாக இன்னொன்று இருப்பது தெரிந்தது. கவனித்துக்கொண்டே வந்தார்கள். 2013-ல் ஸ்கேனில் அது இரு மடங்காகியிருந்தது, சிகிச்சைக்குப் போனார்.

வளர்ந்தால் காத்திருப்பு முடிகிறது. இன்னொரு அறிகுறிக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது: ஒரு கண் இமை திடீரென்று தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து நிற்பது. பின் இணைப்புத் தமனியில் உள்ள புடைப்பு பெரிதாகிக் கண்ணையும் இமையையும் அசைக்கும் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். இந்த இடத்தில் மட்டும் அது உண்மையிலேயே நரம்பு. வெடிப்பதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை அது, உடனே சி.டி. ஆஞ்சியோ எடுத்தாக வேண்டும்.

எல்லாரும் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய சோதனை இது இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் வட்டத்தில் இருவருக்கோ மேலோ இருந்தவர்கள், பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம். அவர்களுக்கும் முதலில் எம்.ஆர். ஆஞ்சியோவே போதும், கதிர்வீச்சும் அயோடினும் இல்லாமல் முடியும்.

மருந்து, கதிர்வீச்சு பற்றிய பயங்கள்

இறால், மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி கூடாது என்று பரவலாக நம்புகிறார்கள். அது தவறு. கடல் உணவு ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. முன்பு இதே மருந்துக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) அதிகமுள்ளவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். ஆனால் ரத்தக்கசிவு உறுதியான நிலையில் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. மறுபடி வெடிக்கும் ஆபத்து அதைவிடப் பெரியது.

தலைக்குச் சாதாரண சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவர் ஓராண்டில் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4. மணவாளக்குறிச்சி போலத் தோரியம் கலந்த மணலுள்ள கடற்கரையோரங்களில் அது இன்னும் கூடும். சி.டி. ஆஞ்சியோவில் அளவு சற்று அதிகமாகலாம். காரணமில்லாமல் எடுக்கக் கூடாது, காரணம் இருக்கும்போது பயந்து மறுக்கவும் கூடாது.

கையில் வாங்கிக்கொள்ள வேண்டியது

பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது பலரும் பெரிய ஃபிலிம் ஷீட்டையும் ரிப்போர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிவிடுகிறார்கள். ஃபிலிமில் இருப்பது யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த சில கோணங்கள், அவற்றைத் திருப்ப முடியாது, அளக்க முடியாது. எட்டுக் கோடி எண்களும் இருப்பது டைகாம் (DICOM) எனும் மருத்துவப் படக் கோப்புகளில். "மெல்லிய வெட்டுகளோட குறுந்தட்டுல போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள், அல்லது இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். போய்ச் சேரும் இடத்தில் மருத்துவர் அதைத் தன் திரையில் திறந்து, தன் கோணத்தில் திருப்பி, எல்லை எண்ணைத் தானே ஏற்றி இறக்கிப் பார்க்க முடியும். ஊசி போட்டு இன்னொரு முறை எடுக்க வேண்டிய தேவையும் அநேகமாக இருக்காது.